வெட்டாமல் விட்ட துண்டு

இந்தச் சலவைக் கடைக் குடும்பத்தோடு மாரடித்து எனக்கே அலுத்துவிட்டது. ஒரு வாரமாவது இவர்கள் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து, ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கப் போயிருப்பார்களா? அப்படிப் போனால் நான் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது என்பது வேறு விஷயம்.

நாடக அரங்கத்தின் புதிய மேடைத் திரை சலவைக்கு வந்ததையும், தம்பிகள் இருவரும் அதை வெந்நீரில் போட்டு எடுத்ததையும் போன வாரம் பார்த்தோம். திரும்பக் கொண்டுபோய் மாட்டியபோது அது மேடையைத் தொடவில்லை. முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. திரை மூடியிருக்கும்போதே உள்ளே நடமாடுகிறவர்களின் கால்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. ஒத்திகைக்கு வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அரங்க நிர்வாகி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“நாளைக்கு நாடகம். இன்னைக்கு சாயங்காலம் நானே உங்க கடைக்கு வருவேன். திரை தரையைத் தொடணும்” என்று சொல்லித் திரையைக் கழற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதே சாயங்காலம்தான் அப்பா கடைச் சாவியை ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். இடுப்பு வலி வந்த பிறகு அவரால் கடையில் நிற்க முடியவில்லை. சாவி அக்காவுக்குத்தான் என்று போன வாரம் வரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தம்பிகளுக்கும் தெரியும். ‘அக்காவைத் தவிர வேற யாரு?’ என்று அவர்களே சொன்னதை நான்தானே எழுதினேன்.

தையல் அறை, தேய்ப்பு மேசை, கணக்கு வழக்கு என்று அந்தக் கடையை அக்கா இத்தனை வருஷம் இழுத்துப் பிடித்து நடத்தியிருக்கிறாள். அந்தச் சாவி கைக்கு வந்தால்தான் அது அவள் கடை. வராவிட்டால் கடைசி வரைக்கும் தம்பிகளின் கடையில் தையல் போடுகிற அக்கா. அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மனசு முழுக்க அதுதான்.

கடையின் ஒரு சட்டத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புதுத் துணி எது வந்தாலும் அதன் உள்மடிப்பில் சின்னதாக ஒரு துண்டு வெட்டுவார்கள். அதை வெந்நீரில் நனைத்து, காய வைத்து, சுருங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துணி மெஷினுக்குள் போகும். அதற்கு சாட்சித் துண்டு என்று பெயர். கடை தொடங்கிய காலத்தில் அப்பா வைத்த பெயர் அது. துண்டு வெட்டுவது அக்காவின் வேலை. தன் கத்தரிக்கோலை வேறு யாரும் தொடக் கூடாது என்பது அக்கா வைத்த சட்டம்.

திரை மெஷினுக்குள் போன அன்று அக்கா கடையில் இல்லை. அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தாள். திரையில் துண்டு வெட்டப்படவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. இனிமேல் இவர்கள் பேசியதைக் கேளுங்கள்.

காலையில் அரங்கத்திலிருந்து திரையை ஏற்றிக்கொண்டு வேன் வந்துகொண்டிருந்தது. சின்னவன் ஓட்டினான். பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மெஷின் அறை பெரியவனுடைய பொறுப்பு. துணி எடுத்து வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் சின்னவனுடைய பொறுப்பு.

“தப்புப் பண்ணிட்டேன்டா” என்றான் பெரியவன். “சாட்சித் துண்டு இருக்கான்னுகூடப் பாக்கல. சீக்கிரம் முடியட்டும்னு நேரா வெந்நீர்ல போட்டுட்டேன்.”

இந்த வாக்கியத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை இன்னொரு முறை அவன் வாயிலிருந்து கேட்கும் பாக்கியம் நமக்கு இல்லை.

“நீ என்னண்ணே பண்ணுவ?” என்றான் சின்னவன். “அவசரப்படுத்தினது நான். அந்த அரங்கத்து அம்மா நிதானமா குடுங்கன்னுதான் சொன்னாங்க. சீக்கிரமா குடுத்தா சீட் கவரெல்லாம் நம்மகிட்டயே போடுவாங்கன்னு நான்தான் அன்னைக்கே வேணும்னு உன்னைப் பிடுங்கி எடுத்தேன்.”

ஒரே வேனில் இரண்டு யோக்கியர்கள். இருவரும் அதோடு வாயை மூடிக்கொண்டு கடைக்கு வந்து சேர்ந்திருந்தால் இந்த அத்தியாயமே வேண்டாம். ஆனால் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அத்தனை பாசம்.

“சேச்சே, நீ நல்லதுக்குத்தானேடா சொன்ன. வியாபாரம் பெருகணும்னு நினைச்ச. அது தப்பா?”

“நீயும் துண்டு இல்லைன்னா என்னண்ணே நினைப்ப? அக்கா பாத்துட்டாங்க, துண்டு வெட்டாமலே துணி தாங்கும்னுதானே நினைப்ப?”

பெரியவன் நகத்தைக் கடிப்பதை நிறுத்தினான். அவன் அன்றைக்கு அப்படி எதுவும் நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் தம்பி சொன்னபோது, அப்படித்தான் நினைத்திருப்போம் என்று அவனுக்குப் பட்டது.

“ஆமாடா. அப்படித்தான் நினைச்சேன்.”

“துண்டு வெட்டி வைக்கிறது யார் வேலை?”

“அக்கா வேலை.”

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடிக்கிற வரை சின்னவன் வண்டியை எடுக்கவில்லை.

“அக்கா மட்டும் அன்னைக்கு கடையில இருந்திருந்தா” என்றான் அவன்.

“நடந்தே இருக்காது” என்றான் பெரியவன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனது யாருக்காக? இவர்களைப் பெற்ற அப்பாவுக்காக. அதை அந்த வேனில் யார் எடுத்துச் சொல்வது? பின்னால் கிடந்த திரைக்கு வாய் இல்லை.

கடையில் அக்காவுக்கு அதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது; அவள் தயாராக இருந்தாள். திரையின் அதே நிறத்தில் துணி தேடி வாங்கி வைத்திருந்தாள். கீழ்மடிப்பைப் பிரித்து, அகலமாக ஒரு பட்டை சேர்த்துத் தைத்தால் திரை தரையைத் தொடும். ஒட்டு தெரியாமல் இருக்க மேலே ஒரு சரிகைக் கரை. நாள் முழுக்க வேலை இருந்தது.

சின்னவனின் மனைவி திரையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் வேலை கவுண்டரில். துணி வாங்குவது, சீட்டுக் கொடுப்பது, போனை எடுப்பது, திட்டு வாங்குவது. அக்கா கைக்குச் சாவி வந்தால் அவளைக் கவுண்டரிலிருந்து எடுத்துத் தையல் மெஷினில் உட்கார வைப்பதாகப் பேச்சு இருந்தது. அதனால் அவளுக்கு அக்கா மேல் பிரியம். எப்போதும் இருக்கிற பிரியம்தான், இப்போது கொஞ்சம் கூடுதல்.

“தொட்டுப் பாத்தப்பவே எனக்குத் தோணுச்சும்மா” என்றாள் அக்கா, தையலைப் பிரித்தபடி. “இது இன்னும் தண்ணி காணாத துணி, துண்டு வெட்டிப் பாக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் அப்பாவோட கிளம்பினேன்.”

“நீங்க நினைச்சா சொல்லாம போக மாட்டீங்களே அண்ணி.”

“அதானே? சொல்லாமலா போயிருப்பேன்?”

“அவங்க ரெண்டு பேரும் எதைத்தான் காதுல வாங்குறாங்க? நேத்து நான் பால் வாங்கிட்டு வரச் சொன்னேன். வெறும் கையோட வந்து நிக்கிறாரு உங்க தம்பி.”

அக்கா சிரித்தாள். திரை திரும்பி வந்ததிலிருந்து மனசில் இருந்த உறுத்தல் இப்போது கொஞ்சம் இறங்கியது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

மத்தியானம் தம்பிகள் டீ குடிக்கப் போனார்கள். அங்கே மெஷின் ரிப்பேர்க்காரர் உட்கார்ந்திருந்தார். கடையின் எல்லா மெஷினுக்கும் அவர்தான் வைத்தியர். இவர்கள் போய் அவர் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்கள். துணி மட்டம், அக்கா துண்டு வெட்டி வைக்கவில்லை, பெரியவன் நம்பிப் போட்டுவிட்டான்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“சூடு எதுல வச்ச?”

“அது வழக்கமா வைக்கிறதுதான்.”

“பெட்ஷீட்டுக்கு வைக்கிறதா?”

பெரியவன் டீயைப் பார்த்தான்.

“பச்சைத் தண்ணில போட்டிருந்தா துண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமே” என்றார் அவர்.

“நீங்க மெஷினைப் பாருங்க. துணியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?” என்றான் சின்னவன். இருவரும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்கள்.

அங்கே உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடி பேசினார்கள். இப்போது குறுக்கே கேள்வி கேட்க ஆள் இல்லை. ஒருவன் சொல்ல, மற்றவன் தலையாட்ட, கதைக்குக் கண் காது மூக்கு எல்லாம் முளைத்தது.

“அக்காவுக்கு இப்பல்லாம் கடை மேல கவனமே இல்லைண்ணே.”

“நானும் சொல்லணும்னுதான் இருந்தேன். போன மாசம்கூட ஒரு கோட்டுல பட்டன் மாத்தித் தச்சுட்டாங்க.”

“அன்னைக்கு லீவு போட்டாங்களே, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களா?”

“சொன்னாங்கடா. அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்னு.”

“அது அப்பாவைப் பத்தி. திரையைப் பத்தி?”

“இல்ல. திரையைப் பத்தி மூச்சு விடல.”

“அப்ப நாம என்னண்ணே பண்ண முடியும்?”

“நமக்கு வேண்டாம்டா இந்தச் சாவி கீவி எல்லாம். ஆனா கடை நல்லா இருக்கணும்ல? நான் கடைக்காகத்தான் சொல்றேன்.”

கேட்டீர்களா? கடைக்காகவாம். எனக்கு வருகிற எரிச்சலுக்கு அந்த டீ டம்ளரைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்கலாம் போல இருக்கிறது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் அதில் துளி கள்ளம் இல்லை. உண்மையாகவே கடையை நினைத்துத்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். அதுதான் இவர்களோடு பெரிய தலைவலி. பொய் சொல்கிறவனைப் பிடித்துவிடலாம், இவர்களை என்ன செய்வது?

தையல் அறையில் பட்டையின் பாதி தைத்து முடிந்திருந்தது.

“வந்ததும் வராததுமா உங்களைத்தான் சொல்றாங்க அண்ணி” என்று சின்னவனின் மனைவி செய்தி கொண்டுவந்தாள். “நீங்க திரையைப் பத்தி ஒரு வார்த்தைகூட சொல்லலையாம். டீக்கடையில பேசி முடிவே பண்ணிட்டாங்க போல. நீ யார் பக்கம்னு என்னைக் கேக்குறாரு.”

அக்காவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஊசி விரலில் குத்திவிட்டது.

“நான் சொல்லலையா? ஆஸ்பத்திரிலேருந்து போன் பண்ணி சொன்னேனே!”

“போன் பண்ணீங்களா?”

“செல்போனை வீட்டுலயே சார்ஜ்ல போட்டுட்டுப் போயிட்டேன்ல. அங்க ரிசப்ஷன்ல ஒரு கருப்பு போன் இருந்துச்சு. அதுலேருந்து கடை போனுக்கு. துண்டு வெட்டல, நான் வர்ற வரைக்கும் திரையைத் தொடாதீங்கன்னு. நீதானே எடுத்த?”

சின்னவனின் மனைவி யோசித்தாள். “அன்னைக்கு நிறைய போன் வந்துச்சு அண்ணி... எடுத்திருப்பேன்.”

“நீதான் எடுத்திருப்ப. வேற யாரு கவுண்டர்ல?”

“ஆமா, நான்தான் இருந்தேன். எடுத்தா உடனே பெரியத்தான்கிட்ட சொல்லியிருப்பேனே.”

“சொல்லியிருப்ப. அந்த மெஷின் சத்தத்துல அவன் தலையை ஆட்டியிருப்பான்.”

“ஆட்டுவாரு அண்ணி! எது சொன்னாலும் அப்படித்தானே ஆட்டுவாரு!”

இருவருக்கும் அந்தத் தலையாட்டல் கண் முன்னால் தெரிந்தது. பெரியவனை அறிந்த எவருக்கும் தெரியும். அவன் அப்படித்தான் தலையாட்டுவான்.

நூல் தீர்ந்துபோய் அக்கா எதிர்க் கடைக்குப் போனாள். நூல்கடைக்கார அம்மா என்ன ஏதென்று விசாரிக்க, அக்கா சொன்னாள். இந்த முறை கையை ஆட்டி, ரிசப்ஷன் போனைப் பிடித்த மாதிரி காதோரம் கையை வைத்தே சொன்னாள். “படிச்சுப் படிச்சு சொன்னேங்க. ரெண்டு பேரும் சரி சரின்னாங்க. கடைசில என் தலையில கட்டப் பாக்குறாங்க.”

“நான்தாங்க போனை எடுத்தேன்” என்றாள் கூடவே வந்திருந்த சின்னவனின் மனைவி.

“உங்களுக்கு இப்படி ரெண்டு தம்பிங்களா?” என்று நூல்கடைக்கார அம்மா உச்சுக் கொட்டினார். திரும்பி வரும்போது அக்காவின் கண் கலங்கியிருந்தது. இத்தனை பாடுபட்டும் இந்தப் பழி கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

சாயங்காலம் அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரத்தில் அரங்க நிர்வாகி அம்மாளும் வந்தார். தேய்ப்பு மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டுத் திரையை விரித்துக் காட்டினார்கள். அவர் குனிந்து ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். தானே அளவு நாடாவை எடுத்து அளந்தார்.

“நல்லா வந்திருக்கு. யார் தச்சது?”

“நான்” என்றாள் அக்கா.

“இது இருக்கட்டும். அடுத்து சீட் கவர் எல்லாம் குடுக்கணும். இங்க யாரை நம்பிக் குடுக்கிறது? அதைச் சொல்லுங்க. எனக்குப் பதில் சொல்ற ஆள் ஒருத்தர் வேணும்.”

அப்பா தன் சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “என்ன நடந்துச்சுன்னு முதல்ல எனக்குச் சொல்லுங்க” என்றார்.

பெரியவன் தொடங்கினான், சின்னவன் முடித்தான். சின்னவன் தொடங்கினான், பெரியவன் முடித்தான். பத்து நாள் ஒத்திகை பார்த்த நாடகக்காரர்கள்கூட இவ்வளவு சுத்தமாகப் பேச மாட்டார்கள். துணி மட்டம். துண்டு இல்லை. துண்டு இல்லை என்றால் அக்கா பார்த்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். அக்காவுக்குக் கவனம் போய்விட்டது. அக்கா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் கடை முக்கியம். வெந்நீர் என்ற வார்த்தையே அதில் இல்லை.

“நான் போன் பண்ணி சொன்னேன்ப்பா!” என்றாள் அக்கா. “ஆஸ்பத்திரிலேருந்து பண்ணி, நான் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு சொன்னேன். இவதான் எடுத்தா. கேளுங்க!”

அப்பா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “உள்ள என் கண்ணாடியை வச்சுட்டேன், எடுத்துக் குடும்மா” என்றார். அவள் தையல் அறைக்குள் போனதும், மேசைகளைப் பிடித்துப் பிடித்து அவரும் பின்னால் வந்து கதவைச் சாத்தினார். கண்ணாடி அவர் பையிலேயே இருந்தது.

“அன்னைக்கு ஆஸ்பத்திரில நாம எங்க உக்காந்திருந்தோம்?”

“எதுக்குப்பா இப்ப அது?”

“சொல்லும்மா.”

“மீன் தொட்டிக்குப் பக்கத்துல.”

“அங்க உக்காந்துகிட்டு என்கிட்ட என்ன சொன்ன?”

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த மீன் தொட்டி நினைவுக்கு வந்தது. அதில் ஒரே ஒரு ஆரஞ்சு மீன் கண்ணாடியை முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். ‘ஐயோ அப்பா, திரைக்குத் துண்டு வெட்டல. தம்பிங்ககிட்ட சொல்லவும் மறந்துட்டேன்.’ தன் குரலே அவளுக்குக் கேட்டது.

“போன் பண்ணுன்னு நான் சொன்னேன்” என்றார் அப்பா.

“எழுந்து போனேனே.”

“போன. ரிசப்ஷன் வரைக்கும் போன. அதுக்குள்ள உள்ள என்னைக் கூப்பிட்டுட்டாங்க. என்னால எந்திரிக்க முடியல. நீ ஓடி வந்து என்னைத் தாங்கிப் பிடிச்ச. அதுக்கு அப்புறம் எக்ஸ்ரே, டாக்டர், மாத்திரை. நீ திரும்பப் போகலம்மா.”

அக்கா தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். ரிசப்ஷன் போனின் கருப்பு நிறம் அவளுக்கு நினைவிருந்தது. அதைக் காதில் வைத்ததும் நினைவிருந்தது. எந்தக் காதில்? யார் எடுத்தார்கள்? எதிர் முனையில் என்ன சொன்னார்கள்? அங்கே ஒன்றும் இல்லை. காலையிலிருந்து தான் சொன்ன வார்த்தைகள் மட்டும் இருந்தன.

“நான் பொய் சொல்லலப்பா.”

“தெரியும்மா. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

வெளியே தம்பிகள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது.

“இது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்” என்றார் அப்பா. “நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. என்னைத் தூக்கி நிறுத்தத்தானே நீ திரும்பி வந்த. அதை வச்சு உன்னைக் குறை சொன்னா எனக்கு வாய் அழுகிடும். என்ன பண்ணணும்னு நீயே பாத்துக்கோ.”

அவர் முன்னால் நடந்தார். அக்காவுக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. இதைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா? சாவியைக் கொடுத்துவிட்டு நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு தடியன்கள் வெந்நீரில் போட்டதை மறைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்கள். ஒரு போனுக்காகத் தான் மட்டும் ஏன் தலை குனிய வேண்டும்?

அப்பா சாவிக் கொத்தைக் கவுண்டர் மேல் வைத்தார். எல்லோரும் அதையே பார்த்தார்கள். அக்கா கை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

“நான் போன் பண்ணல” என்றாள் அக்கா.

சாவியிலிருந்து எல்லோர் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது.

“பண்ணணும்னு போனேன். பண்ணல. பண்ணின மாதிரியே நினைச்சுட்டேன். துண்டு வெட்டாம போனதும் நான்தான்.”

இந்த இடத்தில் தம்பிகளில் ஒருவனாவது, ‘சூடு நான்தான்க்கா வச்சேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். காலையில் வேனில் வந்த அந்த யோக்கியன் எங்கே போனான்? நானும் காத்திருந்து பார்த்தேன்.

“பாத்தியாண்ணே!” என்றான் சின்னவன். “நாம அப்பவே சொன்னோம்ல!”

“நான் காலையிலேயே சொன்னேன்டா” என்றான் பெரியவன். “அக்கா, நாங்க உன்னைக் குத்தம் சொல்லல. கடைக்காகத்தான்...”

“வெந்நீர்ல போட்டது யாருடா?” என்று அப்பா கேட்டார்.

“துண்டு இல்லாதப்ப நாங்க என்னப்பா பண்ணுவோம்?” இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இருவர் முகத்திலும் அதே தெளிவு.

நிர்வாகி அம்மாள் அளவு நாடாவைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் கவுண்டருக்குப் பின்னாலிருந்து சின்னவனின் மனைவி முன்னால் வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

“அண்ணி ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியல மாமா” என்றாள் அப்பாவிடம். “உங்க பிள்ளைங்களைக் காப்பாத்தணும்னு சொல்றாங்க போல. ஆனா போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். ‘நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க’ன்னு அண்ணி சொன்னதை என் காதால கேட்டேன். பெரியத்தான்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினாரு.”

“நான் எங்க ஆட்டினேன்?” என்றான் பெரியவன். குரலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

“ஆட்டினீங்க! எங்க வேணும்னாலும் வந்து சத்தியம் பண்றேன்!”

“அம்மாடி” என்றாள் அக்கா. “போனே வரலம்மா. நான் பண்ணவே இல்ல.”

“நீங்க சும்மா இருங்க அண்ணி. உங்களுக்கு நல்ல மனசு. நான் விட மாட்டேன்.”

அவள் கண்ணில் நீர் நின்றது. அதில் பொய்யே இல்லை. மத்தியானம் அந்தக் கண்ணில் சந்தேகம் இருந்ததைப் பார்த்தவள் அக்கா. ‘எடுத்திருப்பேன்’ என்று இழுத்த குரலையும் கேட்டவள். அதை அழித்தவளும் அவளேதான்.

அப்பா சாவிக் கொத்தை எடுத்துத் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில நாலு பேரும் தனித்தனியா வீட்டுக்கு வாங்க” என்றார். “எனக்கு உங்ககிட்ட கேட்க வேண்டியது இருக்கு. அதுவரைக்கும் ஒருத்தரோட ஒருத்தர் இதைப் பத்திப் பேசக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

நால்வரும் தலையாட்டினார்கள். பெரியவன் வழக்கம்போல நன்றாகவே ஆட்டினான்.

திரையை மடித்து நிர்வாகி அம்மாளின் வண்டியில் ஏற்றிவிட்டு, ஷட்டரை இறக்கினார்கள். தம்பிகள் இருவரும் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். வண்டி இன்னும் கிளம்பவில்லை. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருவர் வாயும் அசைவது தெரு விளக்கில் நன்றாகத் தெரிந்தது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். பின்னாலிருந்து ஓடி வந்து சின்னவனின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பேசக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரு, நான் பேசல. ஒண்ணே ஒண்ணுதான். நல்லா யோசிச்சுப் பாருங்க அண்ணி. அந்தக் கருப்பு போனு. நீங்க அதைக் காதுல வச்சீங்க. நான் ஹலோன்னேன்.”

அக்கா கையை உதறவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், பண்ணியிருப்போமோ என்று அவளுக்கும் தோன்றியது.